கண் நோவு என்று சும்மா இருந்துவிடாதீர்கள்

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன் என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். பழமொழி பழையதுதான். ஆனால் தோட்டத்தில் உழைத்துப் பிழைக்கும் நம் மக்கள் அதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய காலம் இது.

தங்காக் வட்டாரத்தில், லேடாங் மலை அடிவாரம் தொடங்கி மூவார் சாலை வரைக்கும், செம்பனைக் காடுகளிலும் மிஞ்சி நிற்கும் பால்மரக் காடுகளிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கண்தான் சோறு போடுகிறது. தலைக்கு மேலே இருக்கும் குலை பழுத்ததா காயா என்று கீழே நின்றே பார்த்து அறுக்க வேண்டும். பட்டை எவ்வளவு ஆழம் என்று பார்த்துக் கத்தியை ஓட்ட வேண்டும். ஒரு கண் போனால் தூரமும் ஆழமும் சரியாகப் பிடிபடாது. அதன் பிறகு அந்தக் குடும்பத்தின் வருமானம் என்ன ஆகும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவு பெரிய செல்வத்தை நாம் எப்படிக் கவனிக்கிறோம்? கண் சிவந்தால், "தூசி விழுந்திருக்கும், ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்கிறோம். பக்கத்து வீட்டில் மிச்சம் இருக்கும் சொட்டு மருந்தை வாங்கி விடுகிறோம். நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டுகிறோம். பிள்ளை பெற்ற வீட்டில் போய்த் தாய்ப்பால் கேட்கிறோம். பெரும்பாலான சமயம் கண் தானாகவே தேறிவிடுகிறது. அதனால் நமக்கும் தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியம்தான் ஒரு நாள் நம் காலை வாரிவிடுகிறது.

கண்ணில் தெரிகிற நோய் எல்லாம் கண்ணில் பிறந்த நோய் அல்ல. உடம்புக்குள்ளே எங்கோ மறைவாக இருக்கும் பெரிய நோய் ஒன்று முதன்முதலாகக் கண் வழியே தன்னைக் காட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது கண்ணுக்கு மட்டும் மருந்து தேடிக்கொண்டிருந்தால் கண்ணும் போகும், சில வேளை உயிரும் போகும். இதைத்தான் இன்று நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறோம்.

ஈரலில் சீழ், கண்ணில் சிவப்பு

நம் குடலிலே எத்தனையோ வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் கிளெப்சியெல்லா. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர் குடலிலும் அது இருக்கும். பெரும்பாலும் ஒரு தொல்லையும் தராது. ஆனால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நேரத்தில் அது குடலை விட்டு இரத்தத்தோடு கலந்து ஈரலுக்குப் போகிறது. அங்கே தங்கிச் சீழ்க்கட்டியாக வளர்கிறது. கட்டி உள்ளே இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. காய்ச்சல் வரும், குளிர் நடுக்கும், பசி எடுக்காது. வலது பக்க விலாவுக்குக் கீழே வலி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "சாதாரண காய்ச்சல்தான், பனடோல் போட்டா விட்டுடும்" என்று நாம் வேலைக்குப் போய்க்கொண்டிருப்போம்.

அந்தக் கட்டியிலிருந்து கிருமி மறுபடியும் இரத்தத்தில் இறங்கி உடம்பெல்லாம் சுற்றுகிறது. கண்ணின் உட்புறத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைய உண்டு. அந்த வழியாகக் கிருமி கண்ணுக்குள் புகுந்துவிட்டால், கண்ணின் உள்ளேயே சீழ் பிடிக்கிறது. கண் சிவக்கும், இமை வீங்கும், உள்ளே குத்தும், பார்வை மங்கும். சிலருக்குக் கருவிழிக்குப் பின்னால், கீழ்ப்பக்கத்தில், வெள்ளையாகச் சீழ் தேங்கி நிற்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு கண்ணில் வரும்; சிலருக்கு இரண்டு கண்ணிலும் வரும்.

தைவான் மருத்துவர்கள் 1986-ஆம் ஆண்டிலேயே இந்த ஈரல் கட்டிக்கும் கண் நோய்க்கும் உள்ள உறவைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்கள் கண்ட நோயாளிகளில் இனிப்பு நீர் உள்ளவர்கள் முக்கியமாக இருந்தார்கள். பிறகு சிங்கப்பூர், கொரியா, நம் மலேசியா என்று ஆசிய நாடுகள் பலவற்றிலும் இதே நோய் காணப்பட்டது. ஆகவே இது எங்கோ வெளிநாட்டில் நடக்கிற கதை அல்ல. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளும் கண்டிருக்கிற நோய்தான்.

இதிலே கொடுமை என்னவென்றால், இந்த நோய் வேகமாகப் பாய்வது. இரண்டொரு நாளிலேயே கண்ணின் உட்பகுதி பழுதாகிவிடும். ஊசி மூலம் கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்தியும், அறுவை செய்து சீழை எடுத்தும் வைத்தியம் செய்கிறார்கள். அப்படியும் பலருக்குப் பழைய பார்வை திரும்புவதில்லை. சிலருக்குக் கண்ணையே எடுத்துவிட வேண்டியதாகிறது. சீக்கிரம் போனவருக்குத்தான் கொஞ்சமாவது நம்பிக்கை உண்டு.

கடையில் வாங்கும் சொட்டு மருந்து இதற்குப் பயன்படாது. அது கண்ணின் மேலே படுகிறதே தவிர, உள்ளே இருக்கும் சீழுக்கு வேண்டிய அளவு போய்ச் சேராது. சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பை மட்டும் தணித்து, "சுகமாயிடுச்சு" என்று நம்மை ஏமாற்றிவிடும். உள்ளே கிருமி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஈரலில் இருக்கும் கட்டியை ஸ்கேன் செய்து கண்டுபிடித்து, ஊசி போட்டுச் சீழை இறக்கி, இரத்தத்தில் மருந்து ஏற்றினால்தான் உயிருக்கு ஆபத்து நீங்கும். கண்ணும் ஈரலும் ஒரே நேரத்தில் வைத்தியம் பெற வேண்டும்.

தெரியாமல் இருக்கும் இனிப்பு நீர்

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத்தான். அதிலும், தனக்கு இனிப்பு நீர் இருப்பதே தெரியாதவர்களுக்கு.

2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியரில் 100-க்கு 18 பேருக்கு மேல் இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பது அதுவரை தெரியாது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 31 பேர். மூன்று பேர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால் ஏறக்குறைய ஒருவருக்கு இனிப்பு நீர் என்று அர்த்தம். எல்லா இனத்தவரிலும் நாம்தான் இதில் முன்னால் நிற்கிறோம். எந்தெந்தக் காரியத்திலோ பின்தங்கியிருக்கும் நம் சமுதாயம் இதிலா முதலிடம் வாங்க வேண்டும்?

"எனக்கு இனிப்பு நீரெல்லாம் இல்லை, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்கிறவரைப் பார்த்து நாம் ஒன்று கேட்கிறோம். ஐயா, கடைசியாக எப்போது இரத்தம் சோதித்துப் பார்த்தீர்கள்? இனிப்பு நீர் ஆரம்பத்தில் வலிக்காது, நோகாது. பல வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் காலில் ஆறாத புண்ணாகவோ, கண்ணில் இப்படிப்பட்ட நோயாகவோ வெளியே வரும். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, அடங்காத தாகம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது ஆகியவை அதற்கு முன்னறிவிப்பு. இவை ஒன்றுமே இல்லாமலும் அது இருக்கலாம்.

எலிச் சிறுநீரும் கண்ணும்

கண் வழியே வெளிப்படும் இன்னொரு நோயும் நம் தொழிலோடு ஒட்டியிருக்கிறது. அதுதான் எலிச் சிறுநீர்க் காய்ச்சல். மலாயில் கென்சிங் திக்குஸ் என்று சொல்கிறார்கள். செம்பனைப் பழத்தைத் தேடி எலி வரும் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதன் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இந்த நோயின் கிருமி இருக்கும். கையில் காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாகவும், கண், வாய் வழியாகவும் அது உடம்புக்குள் புகும்.

கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, இவற்றோடு இரண்டு கண்ணும் சிவந்திருக்கும். ஆனால் பீளை இருக்காது. இதுதான் அடையாளம். சிலருக்கு மஞ்சள் காமாலையும் சேர்ந்து வரும், சிறுநீரகம் கெடும், உயிருக்கே ஆபத்தாகும். 2010-ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் இது சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது.

காய்ச்சல் விட்டதும் கதை முடிந்தது என்று நினைக்க முடியாது. தமிழ்நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 1993-ஆம் ஆண்டு இறுதியில் மதுரை வட்டாரத்தில் பெரும் வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு, 1994-இல், கண் சிவந்து பார்வை மங்கியவர்கள் வழக்கத்துக்கு மாறாக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். மருத்துவர்கள் துருவி ஆராய்ந்தபோது, எலிச் சிறுநீர்க் காய்ச்சலின் கிருமிதான் காரணம் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட 73 நோயாளிகளைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை 1997-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. காய்ச்சல் வந்து சில வாரங்கள், சில மாதங்கள் கழித்துக்கூடக் கண்ணின் உள்ளே அழற்சி வரலாம் என்பது இதனால் நமக்குக் கிடைக்கும் பாடம். அதனால்தான் கண் வைத்தியரிடம் போகும்போது, "மூணு மாசத்துக்கு முன்னால எனக்குக் காய்ச்சல் வந்துச்சு" என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். நமக்குச் சின்னதாகத் தோன்றும் விஷயம் வைத்தியருக்குப் பெரிய துப்பாக இருக்கும்.

எது சாதாரணம், எது ஆபத்து?

எல்லாக் கண் நோவுக்கும் பயந்து சாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சாதாரணமாக ஒட்டிக்கொள்ளும் கண் நோவில் அரிப்பு இருக்கும், பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வரும். ஆனால் பீளையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பார்வை தெளிவாக இருக்கும்.

கீழே சொல்வது அப்படியல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

கண் சிவந்து பார்வையும் மங்கினால்;
கண்ணுக்குள்ளே ஆழமாக வலித்தால், வெளிச்சம் பட்டதும் கூசி நீர் வடிந்தால்;
கருவிழியில் வெள்ளையாக எதுவும் தெரிந்தால்;
கண் நோவோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தால்;
அடியோ தூசியோ படாமல் ஒரு கண் மட்டும் திடீரென்று சிவந்து வலித்தால்;
இனிப்பு நீர் உள்ளவருக்குக் கண் சிவந்து வலித்தால்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, சுவரில் தொங்கும் காலண்டரில் தேதியைப் படியுங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் படியுங்கள். இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு கண் மங்குவது மற்றக் கண்ணின் பலத்தில் நமக்குத் தெரியாமலே போய்விடும். வயதான அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். பெரியவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். "எதுக்குப் பிள்ளைக்குத் தொந்தரவு" என்று மூடி மறைப்பார்கள்.

செம்பனை முள்ளோ ஓலையோ கண்ணில் குத்தியிருந்தால் அது வேறு ஆபத்து. அதற்கும் அன்றைக்கே போக வேண்டும். காயம் வேலையில் பட்டது என்பதையும் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். காயம் எதுவும் இல்லாமல் கண் நோவு வந்திருந்தால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அப்போதுதான் வைத்தியர் உடம்புக்குள்ளே காரணம் தேடுவார்.

ஒரு நாள் பேரா, ஒரு கண்ணா?

இவ்வளவும் தெரிந்தாலும் நம் தொழிலாளி ஏன் போவதில்லை? சோம்பலால் அல்ல. காலையில் பெரட்டில் நிற்காவிட்டால் அன்றைய பேர் போய்விடும் என்ற பயம். மண்டோர் முகம் சுளிப்பார் என்ற பயம். தோட்டத்திலிருந்து சாலைக்கு வர வண்டி கிடைக்காத கஷ்டம். பல தோட்டங்களில் பழைய ஆஸ்பத்திரியும் டிரெஸ்ஸரும் இன்று இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு "நீங்கள்தான் கவனமாக இல்லை" என்று தொழிலாளியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவர் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்கு உட்பட்டவருக்கு 18 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை. தோட்டத்து மருத்துவர் கிடைக்காத நேரத்தில் அரசாங்க மருத்துவர் தரும் எம்.சி.யும் செல்லும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். நாமே போக முடியாவிட்டால் மனைவியோ பிள்ளையோ ஆபீஸுக்குப் போய்ச் சொல்லலாம்.

மலேசியக் குடிமகனுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். இரத்தத்தில் இனிப்பு பார்க்க விரலில் ஒரு சொட்டு இரத்தம் போதும். தங்காக் அரசாங்க மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. கண் சிறப்பு மருத்துவம் தேவை என்றால் அங்கிருந்து மூவாருக்கோ மலாக்காவுக்கோ அனுப்புவார்கள். "அவ்வளவு தூரமா?" என்று திரும்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அந்தத் தூரம்தான் கண்ணைக் காப்பாற்றும் தூரம்.

40 வயதான பிறகு, நோய் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை உண்டு. நோயால் கண் போய் வேலை செய்ய முடியாத நிலை வந்துவிட்டால், சந்தா ஒழுங்காகக் கட்டியவருக்கு, விதிகளுக்கு உட்பட்டு, சொக்சோவில் இயலாமை ஓய்வூதியமும் கேட்கலாம். ஆனால் அந்த ஓய்வூதியத்தை வாங்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதே நம் விருப்பம்.

நிர்வாகங்களுக்கும் மண்டோர், கிராணிமாருக்கும் ஒரு வார்த்தை. பெரட்டில் நிற்கும் ஆள் கண் சிவந்து, காய்ச்சலோடு நின்றால், "சாயங்காலம் பார்த்துக்கலாம், இப்ப நிரைக்குப் போ" என்று அனுப்பாதீர்கள். தோட்டத்து வண்டியிலே ஏற்றி அனுப்புங்கள். ஒரு நாள் வேலை குறைந்தால் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம். பல வருஷம் தொழில் பழகிய ஒருவரின் கண் போனால் தோட்டத்துக்கும் அது நஷ்டம்தான். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசியத் தொழிலாளி, வங்காளதேசத் தொழிலாளிக்கும் இதே நியாயம்தான். அவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டணம் அதிகம், பாஷையும் தெரியாது. நம் ஆள் ஒருவர் கூடப் போனால் குறைந்தா போய்விடுவோம்?

சங்கக் கிளைத் தலைவர்கள், கோயில் கமிட்டியினர், தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்தினர் ஆகியோருக்கும் ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம். அந்தப் பந்தலிலேயே ஒரு மேசை போட்டு, கிளினிக் தாதியரை அழைத்து, வருகிறவர்களுக்கு இரத்தத்தில் இனிப்பு பார்க்கச் சொல்லலாம். கேட்டால் சுகாதார அதிகாரிகள் ஒத்துழைக்காமல் இருக்க மாட்டார்கள். தீச்சட்டி எடுக்கவும் காவடி தூக்கவும் உடம்பு வேண்டுமே! அம்மனைக் கண் குளிரப் பார்க்கக் கண் வேண்டுமே!

வீட்டில் இருக்கும் தாய்மார்களே, குடும்பத்தில் யாருக்காவது கண் சிவந்தால், கண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். ஒரு கண்ணை மூடித் தேதி படிக்கச் சொல்லுங்கள். மங்கலாக இருக்கிறது என்றால், பேர் போனாலும் போகட்டும், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். போய், "கண்ணும் பாருங்க, இனிப்பு நீரும் பாருங்க" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இழந்த பேரை அடுத்த மாதம் வேலை செய்து சரிக்கட்டலாம். இழந்த கண்ணை எந்த மாதத்துச் சம்பளத்தில் வாங்குவது?